கதையை முழுசாகப் பாடவிடுங்கள்: நெல்லைச் சீமைக் கொடைவிழாக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஊர்ப் பெரியவர்களுக்கும், கோயில் தர்மகர்த்தாக்களுக்கும், கொடைவிழாக் குழு அண்ணாச்சிமாருக்கும், தலைக்கட்டு வரி கொடுக்கும் வரிதாரர் அனைவருக்கும் வணக்கம்.

பங்குனி உத்திரம் கழிந்ததும் சீமை முழுக்கக் கொடை நோட்டீஸ், அதாவது ஊர்ச் சாமிக்கு எடுக்கும் விழாவின் நோட்டீஸ், ஒட்ட ஆரம்பித்துவிடும். ஆவணி வரைக்கும் ஏதாவது ஓர் ஊரில் கொடைக்குப் பந்தக்கால் நடும் கால்நாட்டு நடந்துகொண்டுதான் இருக்கும். அந்த நோட்டீஸ்களைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிங்காரி மேளத்துக்குப் பெரிய படம், இன்னிசைக் கச்சேரிக்கு அதைவிடப் பெரிய படம், வாணவேடிக்கைக்குத் தனிக்கட்டம். அடியில் ஒற்றை வரியில் "இரவு 8 மணி முதல் 10 மணி வரை வில்லிசை" என்று இருக்கும். வில்லடித்துச் சாமி கதை பாடும் வில்லுப்பாட்டைத்தான் அப்படிப் போடுகிறோம். பாடப்போவது எந்தக் கதை என்று இருக்காது.

உங்களிடம் நாங்கள் கேட்பது ஒன்றுதான். அடுத்த கொடையில் உங்கள் சாமியின் கதையை முதலிலிருந்து, முடிவில் வாழ்த்தாக வாழி பாடும் வரைக்கும் முழுசாகப் பாடவிடுங்கள். அதற்கு என்ன செய்ய வேண்டும், எங்கெல்லாம் கெட்டுப்போகிறது என்பதைத்தான் இந்த மடலில் விரிவாக எழுதியிருக்கிறோம்.

நெல்லையப்பருக்குத் தலபுராணம் இருக்கிறது, சுவர் நிறையக் கல்வெட்டு இருக்கிறது. ஊர்ச் சாமிகளான சுடலைக்கும் இசக்கிக்கும் பட்டவராயனுக்கும் அப்படி எதுவும் கிடையாது. அந்தச் சாமி யாருக்குப் பிறந்தார், எந்த ஊரில் வாழ்ந்தார், யார் கையால் செத்தார், செத்தபின் எதற்காக ஊர் அவருக்குப் பீடம் போட்டது என்பதெல்லாம் வில்லுப்பாட்டில் மட்டுமே இருக்கிறது. கயிலாயத்தில் பிறந்து இறங்கி வந்த தெய்வங்களின் கதை ஒரு வகை. அநியாயமாக வெட்டுப்பட்டுச் செத்து, வாதை என்னும் ஆவியாகித் தெய்வமானவர்களின் கதை இன்னொரு வகை. இரண்டாவது வகையில், கோர்ட்டில் தீராத வழக்கை ஊர்ப் பந்தலில் வருஷா வருஷம் எடுத்துச் சொல்லும் வேலையைப் பாட்டு செய்கிறது. அதில் பாதியை வெட்டினால் செத்தவருக்கான நியாயத்திலும் பாதி போய்விடும்.

ஒரு கதையைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்தையனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போகாத குடும்பம் நம் பக்கத்தில் குறைவு. அங்கே பட்டவராயன் சன்னதியில் செருப்புக் காணிக்கை போடுகிறோம். கோயிலுக்குள் செருப்பா என்று வெளியூர்க்காரர் கேட்டால் அதற்கான பதில், பட்டவராயனாகத் தெய்வமான முத்துப்பட்டனின் கதையில் இருக்கிறது. பிராமணனாகப் பிறந்த முத்துப்பட்டன் காட்டில் பொம்மக்கா, திம்மக்கா என்ற இரண்டு பெண்களைக் கண்டு மனம் கொடுக்கிறான். அவர்கள் சக்கிலியர் குலத்து வாலப்பகடையின் மக்கள். பட்டன் பெண் கேட்கிறான். வாலப்பகடைக்கு அதில் நம்பிக்கை இல்லை, பயம்தான் இருக்கிறது. குடுமியையும் பூணூலையும் அறுத்துப் போட்டுவிட்டுத் தோல் வேலைக்கு இறங்கிச் செருப்புத் தைக்கச் சம்மதமா என்று கேட்கிறார். பட்டன் சம்மதிக்கிறான், செய்தும் காட்டுகிறான். கல்யாணம் நடக்கிறது. மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டு அவன் மடிகிறான். இரண்டு மனைவியரும் தீப்பாய்கிறார்கள்.

இந்தக் கதைக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தால் என்ன ஆகும்? கணபதி காப்பு, குருவணக்கம், சபை வணக்கம், ஊர்ப் பெருமை எல்லாம் சேர்ந்து அரைமணி போய்விடும். அன்பளிப்பு அறிவிப்பில் இன்னொரு இருபது நிமிஷம் போகும். யாராவது ஒருவர் சினிமா மெட்டில் பாடச் சொல்வார், அதில் கால்மணி. மிச்சம் இருப்பது ஒரு மணி நேரத்துக்கும் குறைவுதான். வில்லடித்துக் கதை சொல்லும் தலைவரான புலவர் என்ன செய்வார்? பிறப்பைச் சொல்லிவிட்டு நேரே சண்டைக்குத் தாவிவிடுவார், சாமி வர வேண்டிய இடம் அதுதானே. நடுவில் காணாமல் போவது வாலப்பகடைக்கும் பட்டனுக்கும் நடக்கும் பேச்சு. கதையின் உயிர் அங்கே இருக்கிறது. பெற்ற தகப்பனின் பயமும், குலப்பெருமையைக் கையால் அறுத்துப் போடும் மாப்பிள்ளையின் உறுதியும் எதிரெதிரே நிற்கும் இடம் அது. உலகத்தின் எந்தப் பெரிய இலக்கியத்தோடும் ஒப்பிட்டுப் பேசத் தக்கது என்று கூசாமல் சொல்லுவோம். அதை விட்டுவிட்டால் செருப்புக் காணிக்கைக்கு அர்த்தமே இல்லை.

நாங்குநேரிக்காரரான பேராசிரியர் நா. வானமாமலை இந்தக் கதையைப் பதிப்பித்து 1971-ல் மதுரைப் பல்கலைக்கழகம் வழியாக வெளியிட்டார். அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணக் குழந்தைகள், வாலப்பகடை எடுத்து வளர்த்தார் என்று சொல்லும் பாடமும் புழக்கத்தில் உண்டு. அது பிற்காலத்தில் ஒட்டப்பட்டது என்று அவர் விளக்கினார். யாருக்கோ மனசு சங்கடப்பட்டதால் கதையில் ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். இன்றும் "அந்த இடத்தைக் கொஞ்சம் மாத்திப் பாடுங்க, இந்தச் சாதிப் பேரை விட்டிருங்க" என்று கமிட்டியிலிருந்து புலவர் காதில் சொல்வது நடக்கிறது. தயவுசெய்து சொல்லாதீர்கள். யாரையாவது இழிவு செய்யும் வசனம் நடுவில் வந்தால் அதைப் பக்குவமாகக் கையாளப் புலவருக்குத் தெரியும். கதையில் வரும் சமூகத்தாரையும் கூப்பிட்டு வைத்து முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். யார் கொன்றார், ஏன் கொன்றார் என்பதை மட்டும் மாற்றச் சொல்லக் கூடாது.

இனி நேரக் கணக்கு. வெள்ளிக்கிழமைக் கொடை என்றால் வியாழன் ராத்திரி சாமியை அழைக்கும் குடியழைப்பு, வெள்ளி மதியக்கொடை, ராத்திரி சாமக்கொடை, சனிக்கிழமை காலையில் முடிப்பு. வில்லுக்காரர் கதையைப் பகுத்துக்கொள்வதும் இந்த நான்கு நேரத்தை வைத்துத்தான். குடியழைப்பு ராத்திரியில் காப்பும் கயிலாயப் பிறப்பும். மதியக்கொடைக்கு முன்னால் பக்கத் தெய்வங்களின் கதை. பெரிய சாமியின் கதை வெள்ளி சாயங்காலம் ஆரம்பித்துச் சாமப்பூசைக்குச் சரியாக மரணத்தில் வந்து நிற்க வேண்டும். சாமியாடும் கோமரத்தாடிக்கு ஆராசனை, அதாவது அருள், வருவது அந்த இடத்தில். வில்லின் வேகம் ஏறுவதும், குடமும் உடுக்கும் நெருங்குவதும், மேளம் சேர்வதும், கோமரத்தாடி உடம்பு நடுங்குவதும் ஒன்றோடொன்று பிணைந்தவை. கதை படிப்படியாக ஏறி வந்திருந்தால்தான் இது நடக்கும். இன்றைக்கு நிறைய ஊர்களில் "சாமி சரியா இறங்கல" என்று குறைப்படுகிறார்கள். அரைமணியில் பிறப்பிலிருந்து சாவுக்குத் தூக்கிப் போட்டால் எந்தக் கோமரத்தாடிக்கும் சிரமம்தான்.

ஒலிபெருக்கிச் சட்டத்தைக் காரணம் சொல்லித்தான் பத்து மணிக்கு நிறுத்தச் சொல்கிறோம் என்பீர்கள். நியாயமான காரணம், மறுக்கவில்லை. 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை பொதுவெளியில் ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ பயன்படுத்தக் கூடாது. திருவிழா நாள்களில் நள்ளிரவு 12 வரை அனுமதிக்க அரசுக்கு அதிகாரம் உண்டு, அதுவும் வருஷத்துக்கு 15 நாளுக்கு மேல் போகக் கூடாது. ஆகவே இரண்டு காரியம் செய்யலாம். பெரிய கதையைச் சாயங்காலம் 5 மணிக்கே தொடங்கிவிடுங்கள். அந்த நேரத்தில் இருக்கும் இன்னிசைக் கச்சேரியை முந்தின நாளைக்கு மாற்றுங்கள். அந்த அனுமதி கிடைக்கும் நாளில், பத்து மணிக்கு மேல் மைக்கை அணைத்துவிட்டு வெறும் வில்லையும் குரலையும் வைத்துப் பாடச் சொல்லுங்கள். வில்லும் குடமும் மைக் வருவதற்கு வெகுகாலம் முந்திப் பிறந்தவை. கோயில் முற்றத்தில் சனம் நெருங்கி உட்கார்ந்தால் மைக் இல்லாமலே நன்றாகக் கேட்கும். சாமத்தில் மைக் இல்லாமல் கேட்கும் வில்லுக்கு ஒரு தனி அழுத்தம் உண்டு. ஒருதரம் கேட்டவர்கள் அடுத்த வருஷமும் அதைத்தான் கேட்பார்கள்.

மேடை விஷயத்தில் இப்போது ஒரு பெரிய தப்பு நடக்கிறது. கச்சேரிக்குப் போட்ட உயர மேடையில், தெருவைப் பார்த்து, சாமிக்கு முதுகு காட்டி வில்லுக்காரரை உட்கார வைக்கிறார்கள். புலவருக்கு நடை தெரிய வேண்டும். திரை விலகுவதும் தீபாராதனை எடுப்பதும் கோமரத்தாடி எழுந்திருப்பதும் அவர் கண்ணில் பட்டால்தான் பாட்டை நீட்டவும் முறுக்கவும் முடியும். நடைக்கு எதிரே பந்தலில் இரண்டடி உயரத்துக்கு ஒரு திண்டு போதும். பலகை மேடையாக இருந்தால் அடியில் வெற்றிடம் இருப்பதால் குடத்தின் சத்தம் பலகைக்குள் போய் உறுமும். மணல் நிரப்பிய சாக்கை அடியில் போட்டு, மேலே ஜமுக்காளம் விரித்தால் அந்த உறுமல் அடங்கும்.

வில் பத்தடிக்கு மேல் நீளும். வைரம் பாய்ந்த பனையிலோ வேறு வலுவான மரத்திலோ வளைத்து, தோல் நாணேற்றி, உடல் நெடுக மணி கட்டியிருக்கும். நாண் மேலே பார்க்க, முதுகு குடத்தின் மேல் படிந்திருக்கும். வீசுகோலால் நாணில் அடித்தால் அதிர்வு குடத்துக்கும் மணிக்கும் போகிறது. குடக்காரர் ஒரு கையில் மட்டையால் குடத்தின் வாயில் அடிப்பார், மறுகையில் நாணயத்தால் பக்கத்தில் தட்டுவார். உடுக்கு, ஜால்ரா, கட்டை சேர்ந்தால் செட் முழுமை. புலவருக்கு வலத்தேயும் இடத்தேயும் உட்கார்ந்து பின்பாட்டுப் பாடுகிறவர்கள் இருப்பார்கள். ஆள் குறைத்துக் காசு மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்தால் முதலில் பலியாவது பின்பாட்டு. பின்பாட்டு இல்லாவிட்டால் புலவர் மூச்சு வாங்க இடமில்லை. நடுராத்திரிக்கு முன்பே தொண்டை கட்டிவிடும்.

மைக் செட்காரரிடம் கமிட்டியே சொல்லிவைக்க வேண்டிய சங்கதிகள் சில உண்டு. எக்கோவை முற்றிலும் எடுத்துவிடச் சொல்லுங்கள். வில்லுப்பாட்டில் சொற்கள் மழை மாதிரி விழும். முந்தின சொல்லின் எதிரொலி அடுத்த சொல்லின் மேல் உட்கார்ந்தால் கதை யாருக்கும் விளங்காது. "வில்லுல என்ன பாடுதாங்கன்னே புரியல" என்று இளவட்டங்கள் எழுந்து போவதற்குப் பாதிக் காரணம் எக்கோதான். புலவருக்கு ஒரு மைக், பின்பாட்டுக்கு இரண்டு பேருக்கு நடுவில் ஒன்று, குடத்துக்கு ஒன்று, உடுக்குக்கு ஒன்று. வில் மணிக்குத் தனி மைக் வேண்டாம், புலவர் மைக்கே பிடித்துவிடும். குடத்து மைக்கை வாய்க்கு நேரே நீட்டினால் அடிக்கும்போது வெளிவரும் காற்று மோதி வெடிப்பாகக் கேட்கும். ஒரு சாண் தள்ளி, சாய்த்து வைத்தால் குடத்தின் கனம் அப்படியே வரும். பனைமரத்து உச்சியில் கட்டும் குழாய் ஸ்பீக்கரில் குடத்தின் அடிநாதம் போகவே போகாது. குரலின் கீச்சு மட்டும் ஒரு மைல் தூரம் போகும். அதைக் கழற்றிவிட்டு, பந்தலின் இரண்டு பக்கமும் பெட்டி ஸ்பீக்கர் வையுங்கள். அவை பாடுகிறவர்களின் மைக்குக்கு முன்னால் இருக்க வேண்டும், பின்னால் இருந்தால் கூவும்.

தோல் கருவிக்குச் சாரல் எதிரி. தென்காசி, அம்பாசமுத்திரம் பக்கம் ஆடிக்கொடை என்றால் உடுக்கின் தோல் ஒரு மணி நேரத்தில் தளர்ந்துவிடும். சாமி கதையை ஆடிப் பாடும் கணியான் கூத்துக்கு வரும் மகுடம் என்ற தோல்கருவியும் அப்படியே, தீயில் காய்ச்சிக் காய்ச்சித்தான் அடிக்க முடியும். பந்தலுக்குப் பின்னால் மறைப்பாக ஒரு நெருப்புச் சட்டி போட்டுக் கொடுங்கள். ஈரம் ஏறினால் மண்குடமும் நாதம் மங்கும், தரையில் வைக்காமல் பிரிமணையில் வைக்க வேண்டும். வண்டியில் வரும்போது உடையும் ஆபத்து இருப்பதால் மாற்றுக்குடம் கொண்டுவரச் சொல்லி, அதன் விலையைக் கமிட்டி கொடுத்தால் நல்லது.

அன்பளிப்பு அறிவிப்பைப் பற்றிக் கொஞ்சம் வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறோம். கொலை நடக்கும் இடத்தில், பெண்கள் முந்தானையால் கண் துடைத்துக்கொண்டிருக்கும்போது, புலவர் கையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணித்து "மும்பை வாழ் இன்னார் அன்பளிப்பு ரூபாய் 501" என்று வாசிக்கச் சொல்வது செத்தவருக்குச் செய்யும் மரியாதைக் குறைவு. கொடுப்பவர் பெயரைச் சொல்ல வேண்டியதுதான், ஊரை விட்டுப் போய்ப் பிழைக்கிறவர்கள் காசில்தான் பாதிக் கொடை நடக்கிறது. சீட்டுகளைக் கமிட்டியில் ஒருவர் வாங்கிச் சேர்த்து வைக்கட்டும். பூசை இடைவேளையில் எல்லாவற்றையும் மொத்தமாக வாசித்துவிடலாம். இதை நோட்டீஸிலேயே போட்டுவிட்டால் யாருக்கும் வருத்தம் இருக்காது. மேளத்துக்கும் இதே கட்டுப்பாடுதான்: தீபாராதனைக்கு அடிக்கட்டும், சாமி அழைப்பில் சேரட்டும், மற்ற நேரத்தில் பந்தலுக்குப் பக்கத்தில் நின்று கொட்ட வேண்டாம்.

அடுத்தது ஏடு. உங்கள் ஊரிலேயே பூசாரி வீட்டிலோ பழைய புலவர் வீட்டிலோ சாமி கதை ஓலையில் எழுதப்பட்டதோ, கட்டுநோட்டில் எழுதப்பட்டதோ இருக்கும். ஆடிப் பதினெட்டில் பழைய சுவடிகளை ஆற்றில் விடும் வழக்கம் நம் பக்கத்தில் இருந்ததை உ.வே. சாமிநாதையர் வேதனையோடு எழுதிவைத்திருக்கிறார். அதே சாமிநாதையருக்குப் பத்துப்பாட்டு ஏடு கிடைத்ததும் நம் ஆழ்வார்திருநகரியில்தான், 1889-ல் அது அச்சாகி வந்தது. ஆற்றில் போகாமல் ஒரு வீட்டில் தப்பிய கட்டு தமிழுக்கு என்ன கொடுத்தது என்று எண்ணிப் பாருங்கள். சாமி கதை ஏடு எதற்கும் குறைந்ததில்லை.

ஏட்டை இன்று கெடுப்பது பெரும்பாலும் பக்திதான். சரஸ்வதி பூசைக்கு எடுத்துவைத்து ஓலையின் மேலேயே சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். ஈரச் சந்தனத்தில் பூஞ்சை பிடிக்கும், குங்குமம் எழுத்துக் கீறலுக்குள் இறங்கினால் எடுக்கவே முடியாது. பொட்டை மேல்சட்டத்துப் பலகையில் வையுங்கள். கயிற்றை இறுக்கிக் கட்டினால் துளை கிழிந்து ஓலை அந்த இடத்திலேயே முறியும், நாலா பக்கமும் அசையாத அளவுக்குத் தளர்வாகக் கட்டினால் போதும். பிளாஸ்டிக் உறையில் போட்டால் உள்ளே வேர்த்துப் பூஞ்சை வரும். சாயமில்லாத பருத்தித் துணியைத் துவைத்துக் கஞ்சி போகக் காயவைத்து அதில் சுற்றுங்கள். பூச்சிக்கு வசம்புத் துண்டைத் தனித்துணியில் முடிந்து பெட்டிக்குள் வைக்கலாம், ஓலையைத் தொடாமல். எழுத்து மங்கியிருக்கிறது என்று வீட்டில் இருக்கும் ஏதாவது எண்ணெயைத் தடவிவிடாதீர்கள். காய்ந்து முறுகின ஓலைக்குப் புல்லெண்ணெய் (எலுமிச்சைப்புல் எண்ணெய்) பூசிப் பதப்படுத்துவது முறையான வழி, அதைச் சுவடி வேலை தெரிந்தவர் செய்ய வேண்டும். தூசியை மட்டும் மெத்தென்ற தூரிகையால் ஓலையின் நீளவாக்கில் துடைக்கலாம்.

ஓலையைத் தொடுவதற்கு முன் படம் எடுத்துவிடுங்கள். கட்டு எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில், ஒவ்வோர் ஓலைக்கும் முன்பக்கம் பின்பக்கம் இரண்டும். ஏடு மாறிக் கிடந்தாலும் சரிப்படுத்தக் கூடாது, அந்தத் தப்பான வரிசையிலும் தடயம் இருக்கும். நிழலான பகல் வெளிச்சத்தில், கருந்துணி மேல், பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து, நேர்மேலிருந்து எடுக்க வேண்டும். ஃபிளாஷ் போட்டால் ஓலை பளபளத்து எழுத்து மறைந்துவிடும். ஒரு பக்கத்திலிருந்து சாய்வாக வெளிச்சம் விழுந்தால் மை இல்லாத கீறல்கூடத் தெரியும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள். கட்டுநோட்டுக்கும் இதேதான், ஜெல் பேனாவில் எழுதியதை முதலில் எடுங்கள், தண்ணீர் பட்டால் கரைந்துவிடக் கூடும். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கு என்றே துறை இருக்கிறது. சென்னையில் அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. அவர்களிடம் படப்பிரதி ஒன்றைக் கொடுத்து வைக்கலாம். மூல ஏட்டைக் கொடுத்தே ஆகவேண்டும் என்று நாங்கள் சொல்லவில்லை. அது கோயிலில் பூசைக்கு உரியது, அங்கேயே நன்றாக இருக்கட்டும்.

ஏட்டில் இருப்பது சொல் மட்டும். மெட்டும் வேகமும், எந்த இடத்தில் பாட்டு நின்று பேச்சு வரும் என்பதும் புலவர் தொண்டையில் இருக்கிறது. வானமாமலை பதிப்பையே கையில் வைத்துக்கொண்டாலும் முத்துப்பட்டனைப் பாடிவிட முடியாது. அதனால் முழுக்கதை பாடும்போது ஒலிப்பதிவு செய்யுங்கள். கூட்டத்தில் நின்று செல்போனில் எடுப்பது ஞாபகத்துக்கு ஆகும், அடுத்த தலைமுறை பாடிப் படிப்பதற்கு ஆகாது. மைக் செட் மிக்ஸரிலிருந்து நேரடியாக ஒரு ரெக்கார்டருக்கு ஒயர் கொடுக்கச் சொல்லுங்கள். எம்பி3 வேண்டாம், வேவ் கோப்பாக, 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் பதிந்தால் இரண்டு சானலுக்கு மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி ஆகும். பத்து மணி நேரக் கதை ஒரு சின்ன மெமரி கார்டில் அடங்கிவிடும். பத்து மணிக்கு மேல் மைக் இல்லாமல் பாடும்போது மிக்ஸரில் ஒன்றும் வராது. அப்போது ரெக்கார்டரின் சொந்த மைக்கைப் புலவருக்கு ஐந்தடி முன்னால் வைத்துவிட வேண்டும், சாமக்கொடையில் இதை மறந்துவிடுவது சகஜம். பதிவு முடிந்ததும் இரண்டு வேறு வீட்டில் இரண்டு பிரதி, கல்லூரியில் ஒன்று. கோப்புக்கு ஊர், சாமி, கதை, தேதி, புலவர் பெயர் என்று பெயரிடுங்கள். "புதிய பதிவு 7" என்று விட்டால் நாலு வருஷத்தில் யாருக்கும் அடையாளம் தெரியாது.

புலவரின் சம்மதத்தை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். யூடியூபில் போடுவதாக இருந்தால் வரும் வருமானத்தில் அவருக்கு என்ன பங்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பாட்டே அவர் பிழைப்பு. ஆராசனை வந்து ஆடும் பெண்களின் முகத்தை வெளியில் விடாதீர்கள், அவர்கள் அதற்குச் சம்மதம் கொடுக்கும் நிலையில் இருந்ததில்லை.

சம்பளத்தை மணிக்கணக்கில் பேசாமல் கதைக்கணக்கில் பேசுங்கள். மணிக்கு இவ்வளவு என்று பேசினால் கமிட்டி கடிகாரத்தைப் பார்க்கும், புலவரும் பார்ப்பார். "இந்தச் சாமியின் முழுக்கதை, காப்பு முதல் வாழி வரை" என்று பேசினால் எல்லாரும் கதையைப் பார்ப்பார்கள். பெண்கள் பாடும் செட்டுகள் நம் பக்கம் எப்போதும் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் வில்லிசையில் பெரும் பெயர் எடுத்த பூங்கனி அம்மாள் 2018-ல் மறைந்தார். அப்படி ஒருவர் உங்கள் ஊருக்கு வந்தால் உடை மாற்றப் பூட்டும் வசதியுள்ள அறையும் கழிப்பறையும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ராத்திரி முழுக்கப் பாடுகிறவருக்குக் குளிர்பானம் வேண்டாம், வெந்நீரும் சுக்குக் காப்பியும் போதும். சாம்பிராணிப் புகையும் வெடிப்புகையும் நேரே முகத்தில் அடிக்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

கணியான் கூத்து வைக்கும் ஊர்களுக்கும் இதெல்லாம் பொருந்தும். அங்கே தலைமைப் பாடகரான அண்ணாவி நின்றுகொண்டே பாடுகிறார், பெண்வேடத்தில் இருவர் ஆடுகிறார்கள், மகுடம் இரண்டு. நிற்பதற்கும் ஆடுவதற்கும் நல்ல சமதரை வேண்டும். சுடலைக்கு அவர்கள் செய்யும் சடங்கை வேடிக்கைக் காட்சியாக நோட்டீஸில் போடாதீர்கள்.

கால்நாட்டுக்கு முன் புலவருக்கு முன்பணம் கொடுக்கப் போகும்போது ஒரு தாளில் இவ்வளவு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொண்டு போங்கள்: பாட வேண்டிய கதைகளின் பெயர், எந்தப் பூசைக்கு எந்தப் பகுதி, தொடங்கும் நேரம், எத்தனை பேர் செட், மைக் எத்தனை, அன்பளிப்பு எப்போது வாசிப்பது, ஒலிப்பதிவுக்குச் சம்மதமா, ஊரில் கதையின் ஏடோ நோட்டோ இருக்கிறதா. கடைசிக் கேள்விக்கு "இருக்கு" என்று பதில் வந்தால், கொடைக்கு ஒரு மாதம் முந்தியே அந்தப் படங்களைப் புலவர் கையில் கொடுத்துவிடுங்கள். உங்கள் ஊர்ப் பாடத்துக்கும் அவர் படித்த பாடத்துக்கும் வேறுபாடு இருக்கும், உட்கார்ந்து ஒத்துப் பார்க்க அவருக்கு அவ்வளவு நாள் வேண்டும். நோட்டீஸ் அச்சுக்குப் போகும்போது கதையின் பெயரையும் புலவர் பெயரையும் மேலே, சாமி படத்துக்குக் கீழே போடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
நெல்லைச் சீமையில் வில்லோடும் ஏட்டோடும் ஒலிப்பதிவோடும் புழங்குகிறவர்கள்